குடி தாண்டாத முழங்கை

“எண்ணூறு வருசமா எங்கட குடியில இருந்து ஆம்பிளை வழியா ஒரு ஊசிகூட வெளியால போனதில்ல, டொக்டர். காணி போகல்ல, வீடு போகல்ல, பள்ளிவாசல் பதவி போகல்ல. இந்த வருத்தம் மட்டும் எந்தக் கதவால போகும்?”

ஏறாவூர் மரைக்கார் அப்துல் மஜீட் இந்தப் பிரகடனத்தை மட்டக்களப்பில் ஓர் இதய நோய்க் கிளினிக்கில், கதிரை நுனியில் உட்கார்ந்துகொண்டு செய்தார். எதிரே இருந்த டொக்டர் தனுஷியா பேனாவை மேசையில் வைத்துவிட்டார். அவர் படித்த புத்தகங்கள் தடித்தவை. ஆனால் எதிலும் இந்தக் கேள்வி கேட்கப்பட்டிருக்கவில்லை.

மஜீட் அவர்களுக்கு வயது ஐம்பத்திரண்டு. தொழில், த்ரீவீல்களுக்கு ஹூட் அடிப்பது, சீற் தைப்பது. வெயிலிலும் மழையிலும் கிழிந்த ஹூட்டுகளை உரித்துவிட்டு, உள்ளே கம்பிச் சட்டத்தை வளைத்து, மேலே புது றெக்ஸீனை இழுத்துத் தைப்பார். கம்பி ஒன்று ஒரு நூல் அளவுக்குக் கோணினாலும் கண்ணாலேயே பிடித்துவிடுவார். அளவு நாடா அவருடைய கழுத்தில் தொங்குவது வாடிக்கையாளரின் மனத்திருப்திக்காக மட்டுமே.

அவருடைய பெரிய பதவி கடையில் இல்லை. அது குடியில், அதாவது தாய்வழிக் குலத்தில், இருந்தது. இந்த வாவிக் கரையில் பிள்ளை தாயின் குடி. தகப்பன் கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்கு வருகிறவர். சம்பாத்தியம் தரலாம், சத்தம் போடலாம், மீன் வாங்கி வரலாம். குடியை மட்டும் தர முடியாது. வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போகும். பள்ளிவாசலில் குடிக்கொரு மரைக்கார் இருப்பார். அந்தப் பதவி மாமனிடமிருந்து சகோதரியின் மகனுக்கு வரும். மஜீட் அவர்களுக்கும் அப்படித்தான் வந்தது. குடியின் பெயரை இங்கே எழுதுவதற்கில்லை. எழுதினால், அந்த வருத்தம் தங்களுக்கும் உண்டு, தங்களை ஏன் விட்டது என்று மற்றக் குடிகள் மனுப் போடும்.

போடத்தான் செய்வார்கள். ஏனென்றால் அந்த வருத்தம் வெகுகாலமாக நோயாக இருக்கவில்லை, அந்தஸ்தாக இருந்தது. குடியில் பலருக்கு முழங்கை முழுவதுமாக நீளாது. குதிகால் தரையில் சரியாகப் பதியாது, ஆகவே நடை கொஞ்சம் எம்பி எம்பி இருக்கும். கழுத்தும் அவ்வளவாகக் குனியாது. இவை மூன்றும் சேர்ந்த ஒரு மனிதர் தெருவில் வந்தால், அவர் யாருக்கோ கட்டளையிடப் போகிறார் என்றே தோன்றும். குடியின் மூதாதை ஒருவர் நாற்பது நாள் வாளை உயர்த்திப் பிடித்தபடி காவல் நின்றதால் கை அப்படியே நின்றுவிட்டது என்பது வரலாறு. வாளைப் பார்த்தவர் எவருமில்லை. முழங்கையை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

“மற்றக் குடிக்காரன் மாட்டுக்குக் குறி சுடுவான்,” என்பார் மஜீட். “எங்களுக்கு ஆளிலயே குறி இரிக்கி.”

குடியின் ஆண்களுக்குப் பிறந்த பிள்ளைகளிலும் இரண்டு மூன்று முழங்கைகள் மடங்கித்தான் இருந்தன. ஆனால் அவை தாயின் குடியைச் சேர்ந்த முழங்கைகள். சொந்தக் குடியில் மடங்கினால் பரம்பரை, வேறு குடியில் மடங்கினால் கெட்ட பழக்கம் என்று ஊர் தீர்ப்பு வழங்கியிருந்தது. அந்தத் தீர்ப்பை எழுதும்போது ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கவில்லை. குறி உள்ளவர்கள் கிழவராவதில்லை. மஜீட்டுக்குப் பதவி தந்த மாமன் நாற்பத்து நான்கு வயதில், வாவியில், வலையை இழுத்துக்கொண்டிருந்தவர் தோணியில் சாய்ந்து உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் களைத்துவிட்டார் என்று நினைத்து மிச்ச வலையையும் தானே இழுத்து முடித்தார். மஜீட்டின் தம்பி ஸாஹிருக்கு முப்பத்தொன்பது. பஸ்ஸில் ஓட்டமாவடிக்கு டிக்கட் எடுத்து ஜன்னலோரம் உட்கார்ந்தவர், ஓட்டமாவடியில் இறங்கவில்லை. நல்ல நித்திரை என்று கொண்டக்டர் எழுப்பாமல் விட்டார். பொலன்னறுவையில் எழுப்பியபோதுதான் தெரிந்தது. ஜனாஸாவைக் கொண்டுவர மஜீட்தான் போனார். திரும்பி வரும் வழி நெடுக ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று வான் சாரதி பிறகு சொன்னார். அவரைப் பற்றிய சாட்சியங்களில் நம்பத் தகாதது இது ஒன்றுதான், ஆனால் உண்மை.

மஜீட்டின் முறை ஒரு புதன்கிழமை காலை வந்தது. ஒரு த்ரீவீலின் ஹூட்டுக்குள் தலையை விட்டுக் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே பின் சீற்றில் விழுந்தார். சாரதிக்குச் சமயோசிதம் இருந்தது. ஹூட் இல்லாத வண்டியிலேயே அவரை ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். நாடி நிமிடத்துக்கு இருபத்தெட்டு. கொழும்புக்கு அனுப்பி, நெஞ்சுத் தோலுக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு மின்கருவியை வைத்துத் தைத்தார்கள். இதயம் மறந்தால் அது ஞாபகப்படுத்தும். தையலை மட்டும் மஜீட் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “ஒரு இழுவை தளந்துபோச்சு,” என்றார்.

அங்கே எடுத்த இரத்தத்தின் முடிவு மாதக்கணக்கில் கழித்து வந்தது. அதை விளக்கவே டொக்டர் தனுஷியா அவரைக் கூப்பிட்டார்.

“ஐயா, உடம்பில ஒவ்வொரு கலத்துக்கும் நடுவில ஒரு கரு இருக்கு. பரம்பரைக் குறிப்பெல்லாம் அதுக்குள்ளதான். அந்தக் கருவைச் சுத்தி ஒரு மெல்லிய உறை. அந்த உறைக்கு உள்பக்கமா லமின் எண்ட புரதம் வலை மாதிரிப் பின்னி நிக்கும். அதுதான் கருவைச் சப்பளியாமப் பிடிக்கிறது.”

“சட்டம்,” என்றார் மஜீட்.

“என்ன?”

“ஹூட் சட்டம். றெக்ஸீன் தானா நிக்காது டொக்டர். உள்ளுக்குக் கம்பி இரிக்கோணும்.”

டொக்டர் சந்தோஷப்பட்டார். பாவம், அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தார். “ஓம், அதேதான். உங்கட உடம்பில அந்தக் கம்பியில ஒரு எழுத்துப் பிழை. நிறுத்தி வச்ச வண்டிக்கு அது தெரியாது. ஓடுற வண்டிக்குத்தான் குலுக்கம். உடம்பில ஓயாம அசையிறது தசையும் இதயமும். அதனால அதுகள்தான் முதல்ல பழுதாகும்.”

“அப்ப எல்லாக் கலத்திலயும் இந்தப் பிழை இரிக்கி, நெஞ்சுதான் மாட்டிக்கொள்ளுது.”

“அப்பிடித்தான். லமினுக்கு இன்னொரு வேலையும் இருக்கு. அந்தந்தக் கலத்துக்குத் தேவையில்லாத குறிப்புகளைச் சுவரோட சேர்த்துப் பிடிச்சு மூடி வைக்கும்.”

மஜீட் தலையாட்டினார். அவருடைய கடைச் சுவரிலும் பழைய வண்டிகளின் அட்டை மாதிரிகள் ஆணியில் தொங்கின. சுவர் சாய்ந்தால் மாதிரிகள் கீழே விழும், விழுந்ததை எடுத்து வெட்டினால் ஒரு வண்டிக்கும் பொருந்தாத ஹூட் வரும். அதையும் அவரே டொக்டருக்குச் சொல்லிக் கொடுத்தார். இதே லமினில் வேறொரு இடத்தில் பிழை வந்தால் பத்து வயதுப் பிள்ளை கிழவராகிவிடும், இன்னோர் இடத்தில் வந்தால் கைகாலில் கொழுப்பே தங்காது என்று டொக்டர் சொன்னபோது, மஜீட்டின் முகத்தில் ஒரு பெருமிதம் தெரிந்தது. தங்கள் குடி கண்ட நின்ற புரதத்தோடு தொடர்பு வைக்கவில்லை.

“இது தாயிட்ட இருந்துதான் உங்களுக்கு வந்திருக்கோணும்,” என்றார் டொக்டர்.

“பின்ன? குடிச் சாமான்.”

“உங்கட ஒவ்வொரு பிள்ளைக்கும் வர ரெண்டில ஒண்டு வாய்ப்பிருக்கு. எத்தனை பிள்ளையள்?”

இந்த இடத்தில்தான் எண்ணூறு வருடமும் ஊசியும் வந்தன. தகப்பன் வழியாகவும் வரும் என்று டொக்டர் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். மஜீட் எழுந்தார். “நீங்க படிச்சது சரி டொக்டர். ஆனா நீங்க எங்கட ஊர் இல்ல. என்ட மகள் தாயிட குடி. குடியில உள்ள எல்லாரையும் கொண்டுவாறன். யோசிக்காதீங்க.”

கொண்டுவந்தார். இதை அவருடைய எதிரிகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் தாய்வழியாக ஒரு பட்டியல் எழுதினார். அதில் தங்கை அஸ்மியா, அஸ்மியாவின் மகன் றிஸ்லான், பெரியம்மாவின் மகள்மார், அவர்களுடைய பிள்ளைகள் எல்லாமாகப் பத்தொன்பது பேர். அடுத்த செவ்வாய் ஒரு வான் பிடித்துக் கந்தூரிக்குப் போவதுபோல் கிளினிக்கில் இறக்கினார். வரிசையைத் தானே ஒழுங்குபடுத்தினார். ஈ.சி.ஜி. எடுக்கும் பெண் “அடுத்தது” என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. மஜீட் சொன்னார். பத்தொன்பதில் ஆறு பேரின் இதயத் துடிப்பில் கோளாறு இருந்தது. அந்த ஆறு பேரும் வீட்டிலேயே இருந்திருந்தால் இன்னும் எத்தனை பஸ்கள் அவர்களைத் தவறான ஊருக்குக் கொண்டுபோயிருக்குமோ தெரியாது. ஆக மரைக்கார் உயிர்களைக் காப்பாற்றினார். தவறான கொள்கையாலும் சில வேளை இப்படி நன்மை நேர்ந்துவிடுகிறது. அந்தக் கொள்கை பிறகு ஒருவரையும் திருத்தவிடாது என்பதுதான் ஆபத்து.

ஆறில் ஒருவர் றிஸ்லான். தேட வேண்டிய பிழை எதுவென்று இந்த முறை தெரிந்திருந்ததால் இரத்தத்தின் முடிவு சில வாரத்திலேயே வந்தது, அதிலும் அதே பிழை. வயது இருபத்தேழு, ஆள் பகிடிக்காரன். “டொக்டர், எனக்கு மூணு மாதத்தில கலியாணம். நெஞ்சில பெட்டி வைக்கிறதெண்டா கலியாணத்துக்கு முன்னம் வைங்க. அதையும் சீதனத்தில சேர்ப்பம்.”

“ஆரைக் கலியாணம் முடிக்கிறீங்க?”

“மாமாட மகள் ஸுஹைனாவ.”

டொக்டர் தனுஷியா சிரிப்பதை நிறுத்தி, முடிவு கேட்க மருமகனோடு வந்து வெளியே நின்ற மஜீட்டை உள்ளே கூப்பிட்டார்.

“ஐயா, உங்கட மகளை நான் பார்க்கோணும். அவங்கட இதயமும் உங்கட தம்பிட மாதிரி நிண்டு போகலாம். பிறகு, இவருக்கு இருக்கு. அவங்களுக்கும் இருந்தா, பிறக்கிற பிள்ளையள்ல நாலில ஒண்டுக்கு ரெண்டு பக்கத்தாலயும் உடைஞ்ச கம்பி கிடைக்கும். அப்பிடியான பிள்ளையள் தங்கிறது கஷ்டம்.”

மஜீட் பொறுமையாகச் சிரித்தார். “அதுக்காகத்தானே டொக்டர் வேற குடியில எடுக்கிற? ஒரே குடிக்குள்ள முடிச்சாத்தான் பிழை. மாமன் மகள் வேற குடி. எங்கட பெரியவங்க இதெல்லாம் யோசிச்சுத்தான் வச்சிரிக்காங்க.”

உள்ளபடி சொன்னால், ஊரிலேயே மிகத் திறமான பொருத்தம் அது. மாப்பிள்ளை சொந்த மருமகன், பெண் சொந்த மகள், இருவருக்கும் குடி வேறு. லமினுக்கு மட்டும் இந்த ஏற்பாடு தெரிவிக்கப்படவில்லை.

வீட்டிலும் எதிர்ப்பு எழவில்லை. மஜீட்டின் மனைவி ஆயிஷா உம்மா கணவரை எதிர்க்கக் கிடைத்த எந்தச் சந்தர்ப்பத்தையும் வீணாக்காதவர். ஆனால் இந்த விடயத்தில் கணவரைவிடத் தீவிரமாக நின்றார். மகளைப் பரிசோதிப்பது என்றால் அவருடைய குடியைச் சந்தேகிப்பது. “எங்கட குடியில ஒரு முழங்கையும் கோணல் இல்ல. உங்கட குடி வருத்தத்த எங்கட தலையில கட்ட வேணாம்,” என்றார். இருபத்தைந்து வருட இல்லறத்தில் இருவரும் ஒத்துப்போனது இதில்தான்.

டொக்டர் இரண்டு தடவை போன் எடுத்தார். முதல் தடவை மஜீட் ஸலாம் சொல்லிச் சுகம் விசாரித்து வைத்துவிட்டார். இரண்டாம் தடவை சத்தம் கேட்கவில்லை என்றார்.

கலியாணத்துக்கு இருபது நாள் இருக்கும்போது அஸ்மியா வீட்டுக்கு வந்தார். மாப்பிள்ளையின் தாய் என்பதோடு, ஊரில் மணப்பெண்களுக்குச் சட்டை தைப்பவரும் அவரே. மருமகளின் சட்டையைத் தன் கையால்தான் தைப்பேன் என்று ஆரம்பித்திருந்தார். பகல் சாப்பாட்டுக்கு வந்திருந்த மஜீட் ஹோலில் உட்கார்ந்திருந்தார். ஸுஹைனா கண்ணாடிக்கு முன்னால் அரைத் தையல் சட்டையோடு நின்றாள். ஊசிகள் அஸ்மியாவின் வாயில் இருந்தன. அதனால் அண்ணன் மேல் அவருடைய கோபம் கொஞ்சம் தெளிவில்லாமல் வந்தது.

“காக்கா, உங்கட மகள ஒருக்காக் கைய நீட்டச் சொல்லுங்க. மூணு தரம் பிரிச்சுத் தச்சிட்டன். முழங்கையில சுருக்கு விழுந்துகொண்டே இரிக்கி. நாளைக்கு ஊர்ப் பொண்டுகள் என்ட தையலத்தான் பழிப்பாளுகள்.”

“புள்ள, மாமிக்குக் கைய நேராப் பிடி,” என்றார் மஜீட், தலை நிமிராமல்.

“நேராத்தான் பிடிச்சிரிக்கன்.”

“இன்னம் கொஞ்சம்.”

“இதுதான் வாப்பா நேர். இதுக்கு மேல வராது.”

மஜீட் நிமிர்ந்து பார்த்தார். கம்பியை ஒரு நூல் கோணலுக்குத் திருப்பி அனுப்புகிற கண் அது. இருபத்து மூன்று வருடமாக ஒரே வீட்டில் நடமாடிய கை. அதை அந்தக் கண் இதுவரை அளந்ததில்லை.

குசினியிலிருந்து ஆயிஷா உம்மாவின் குரல் வந்தது. “அது தகப்பனப் பார்த்துப் பழகினது. சின்னதில ஹூட் கடையிலதானே கிடந்தவள்.”

அஸ்மியா வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினார். “பார்த்துப் பழகினதா மதினி? நீங்களும் இருபத்தஞ்சு வருசமா எங்கட காக்காவப் பார்க்கிறீங்க. உங்கட கை ஏன் இன்னம் மடங்கல்ல?”

ஆயிஷா உம்மா கரண்டியோடு குசினி வாசலுக்கு வந்து மகளின் கையைப் பார்த்தார்.

மஜீட் எழுந்து மகளுக்குப் பக்கத்தில் வந்தார். கையைத் தொடவில்லை. “குதி நிலத்தில பதியுதா?”

“இல்ல. அதுதானே நான் எப்பவும் உயர்ந்த செருப்பு வாங்குற.”

“படி ஏறக்குள்ள களைக்குதா?”

ஸுஹைனா பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள். “பிள்ளையளத் தூக்க ஏலாது இப்ப. போன மாதம் பாட்டுப் படிச்சுக் குடுக்கக்குள்ள கண் இருட்டிற்று. பிள்ளையள் நான் விளையாடுறன் எண்டு நினைச்சுச் சுத்தி வந்து கை தட்டினதுகள்.”

“ஏன் எனக்குச் சொல்லல்ல?”

அவள் குரலில் குற்றம் சாட்டும் எண்ணம் இல்லை. அதுதான் கொடுமை. “நீங்கதானே வாப்பா சொன்னீங்க, எனக்கு அது வராதெண்டு.”

அஸ்மியா சட்டையைக் கழற்றி வாங்கி மடித்தார். “காக்கா, இனி நான் ஒரு தையலும் போடமாட்டன். என்ட மகனுக்கு இரிக்கெண்டு தெரிஞ்ச நாளில இருந்து நான் நித்திரை கொண்டதில்ல. இவளுக்கும் இரிந்தா? ரெண்டு பேருக்கும் ஒரு பிள்ளை பிறந்து, அதையும் நாங்க தூக்கிக்கொண்டு போகோணுமா? கலியாணம் நிக்கட்டும். நடக்கிறதா இல்லையா எண்டு பிறகு பார்ப்பம். முதல்ல இவளக் கூட்டிப் போங்க.”

மஜீட் அன்றும் மறுநாளும் கடையில் இருந்தார். வந்த இரண்டு வண்டிகளைத் திருப்பி அனுப்பினார். பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டம் ஒன்று இருந்தது. குடியில் பத்தொன்பது பேரைக் கிளினிக்குக்குக் கொண்டுபோன முன்மாதிரிக்காக அங்கே அவரைப் பாராட்டினார்கள். அவர் எழுந்து பதில் சொல்ல வேண்டிய இடத்தில், தண்ணீர் கேட்டார். சந்தேகம் மரைக்கார்மாருக்குப் பழக்கமில்லாத வருத்தம். வந்தால் உடம்பு தாங்குவதில்லை. தகப்பன் வழியாக ஒன்று போகும் என்றால், எண்ணூறு வருடமாக எத்தனை போயிருக்கும்? மாமனின் பிள்ளைகள் எங்கே? ஸாஹிரின் இரண்டு பெண்பிள்ளைகள்? அதுகள் வேறு குடி என்று அவர் பட்டியலில் எழுதவில்லை. தம்பியைப் பொலன்னறுவையிலிருந்து கொண்டுவந்தவர் அவர்தான். தம்பியின் பிள்ளைகளை வானில் ஏற்றாமல் விட்டவரும் அவர்தான்.

செவ்வாய்க்கிழமை காலை, றெக்ஸீன் வாங்கப் போவதாகப் பக்கத்துக் கடைக்குச் சொல்லிவிட்டு, மகளோடு மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறினார். மூவர் சீற்றில் மகளை ஜன்னலோரம் உட்காரவிடவில்லை. அவள் இரண்டு தரம் கண்ணை மூடினாள். இரண்டு தரமும் தட்டி எழுப்பினார். “எனக்கு நித்திரை வருது வாப்பா,” என்றாள் அவள். “வீட்ட போய்க் கொள்ளு,” என்றார்.

கிளினிக்கில் டொக்டர் தனுஷியா எதையும் ஞாபகப்படுத்தவில்லை. ஈ.சி.ஜி.த் தாளை விரலால் அளந்துகொண்டே போனவர், ஒரு இடத்தில் நின்று, திரும்பவும் முதலிலிருந்து அளந்தார். மஜீட்டுக்குத் தாளை வாசிக்கத் தெரியாது. முகத்தை வாசிக்கத் தெரியும். “சில துடிப்பு மேலயிருந்து கீழ வந்து சேருறதில்ல,” என்றார் டொக்டர். “இண்டைக்கு இவங்களை வார்ட்டில மறிச்சு வச்சுப் பார்க்கோணும். இரத்தமும் கொழும்புக்கு அனுப்புவம். வெளியால நேர்ஸிட்ட விபரத்தைக் குடுங்க.”

வெளியே தாழ்வாரம் நிறைய ஆட்கள். முன் வாங்கிலில் பள்ளிவாசல் தலைவரின் மனைவி கைறுன்னிஸா இருந்தார். அவர் கேட்ட செய்தி அஸர் தொழுகைக்கு முன் ஏறாவூரின் எல்லைவரை போய்ச் சேரும். நேர்ஸுக்கு நல்ல கணீரென்ற குரல்.

“பெயர்? வயசு? குடும்பத்தில ஆராவது திடீரெண்டு மரணமானவங்களா?”

“ரெண்டு பேர்,” என்றார் மஜீட். கொஞ்சம் யோசித்து, “எனக்குத் தெரிஞ்சு ரெண்டு,” என்றார். “இன்னம் ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளக் கொண்டு வரோணும், மிஸ். தம்பிட பிள்ளையள். எப்ப வரலாம்?”

“அதைப் பிறகு சொல்றன். இவங்களுக்கு இந்த வருத்தம் தாய் வழியா, தகப்பன் வழியா?”

கைறுன்னிஸா முக்காட்டைச் சரிசெய்வதுபோல் காதை இந்தப் பக்கம் திருப்பினார். ஸுஹைனா தகப்பனைப் பார்த்தாள்.

மஜீட்டின் வாய் அசைந்தது.

“கேக்கல்ல, ஐயா.”

“தகப்பன் வழி,” என்றார் அவர். “என்னட்ட இருந்துதான்.”

நேர்ஸ் அதை எழுதிவிட்டு, ஸுஹைனா எத்தனை கிலோ என்று கேட்டார்.